பெயரில் தங்கிய ஓர் எழுத்து

ஜப்பானியப் பெயரொன்றைக் காதால் மட்டும் கேட்கும்போது அதன் பாதியைத்தான் நாம் பெறுகிறோம். மறுபாதி, அப்பெயரை எழுதும் கான்ஜி எழுத்துகளில் இருக்கிறது. சீனத்திலிருந்து ஜப்பான் சென்ற அவ்வெழுத்துகள் ஒலியோடு பொருளையும் சுமப்பவை. 'கெய்ஷா' என்பதில் 'கெய்' கலை, 'ஷா' ஆள். கலையாளர் என்பதே அதன் நேர்ப்பொருள்.

இத்தொழிலுக்கு வரும் பெண் இயற்பெயரை விட்டுப் புதுப்பெயர் ஏற்கிறாள். கியோட்டோவில், அவளுக்கு அக்காள் முறையாக அமையும் மூத்த கலைஞரின் பெயரிலிருந்து ஓர் எழுத்து அவள் பெயருக்கு வருவது வழக்கம். 'மாமே' அவரை விதை, 'ஃபுகு' நற்பேறு, 'உமே' பிளம் மலர். அழகுக்காக இட்டவைபோல் தோன்றும் இவை, உண்மையில் வழிமுறை சொல்லும் எழுத்துகள்.

அப்படியெனில் அப்பெயர் யாருக்குச் சொந்தம்? அவளுக்கா, அவள் வந்த வழிக்கா? இரு பெண்களின் வாழ்க்கை இக்கேள்விக்கு இருவேறு விடைகளைத் தருவதாக எண்ணுகிறோம்.

முதலாமவர் இகுமட்சு (1843–1886). 'இகு' எத்தனை, 'மட்சு' பைன் மரம். கியோட்டோவில் அவருக்கு முன்பே ஒருவர் சூடியிருந்த பெயர் அது. ஷோகன் ஆட்சியின் இறுதியாண்டுகளில் தேடப்பட்டுவந்த கட்சுரா கொகோரோவுக்கு அவர் துணை நின்றார். 1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. கட்சுரா, கிதோ தகயோஷி என்ற பெயரில் அரசின் தூண்களில் ஒருவரானார். அவர் மனைவியான இகுமட்சு, கிதோ மட்சுகோ ஆனார். இரவல் பெயரின் பைன் மரம் இல்லத்தரசியின் பெயரில் வேரூன்றிவிட்டது.

இரண்டாமவர் 1871இல் டோக்கியோவில் பிறந்த சதா. 'சதா' என்னும் எழுத்துக்குக் கற்பு, உறுதி என்று பொருள். சிறுமியாகவே கெய்ஷா இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்ட அவருக்கு, பின்னர் அவ்வில்லத்தின் மதிப்புமிக்க பெயரான 'யாக்கோ' வழங்கப்பட்டது. அதன் பொருளோ ஏவலாள். பெண்ணைக் குறிக்கும் வடிவும் கையைக் குறிக்கும் வடிவும் சேர்ந்த எழுத்து அது. அடிமை என்பது அதன் பழம்பொருள். சொல்லின் தாழ்வும் பட்டத்தின் உயர்வும் ஒரே எழுத்தில் குடியிருந்தன.

நடிகர் கவகாமி ஒதொஜிரோவை மணந்து, 1899இல் அவருடைய குழுவுடன் அமெரிக்கா சென்ற அவர், அங்கே மேடையேறினார். அப்போது தாங்கிய பெயர் 'சதயாக்கோ'. ஏவலாளுக்கு முன்னே, பிறப்பில் பெற்ற எழுத்து வந்து நின்றது. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் ஐரோப்பா வியந்து உச்சரித்தது அப்பெயரைத்தான்.

1933இல் கிஃபு மாவட்டத்தில் அவர் ஒரு கோயில் கட்டினார். பெயர் தெய்ஷோஜி. 'தெய்' என்பது 'சதா' எழுத்தின் மற்றோர் ஒலிப்பு. 1946இல் மறைந்த அவர் துயில்வதும் அங்கேதான். அக்கோயிலின் பெயரில் யாக்கோ இல்லை. சதா மட்டும் இருக்கிறாள்.