வீட்டுக்குள் வந்த திரை

நம் வயதுக்காரர்களுக்குப் பொங்கல் வாரம் என்பது இப்போது பழைய படங்களின் வாரமாகிவிட்டது. போகியன்று ஒன்று, பெரும் பொங்கலன்று சாப்பாடு முடிந்ததும் ஒன்று, காணும் பொங்கல் வரையில் தினம் ஒன்று என்று, வசனம் மனப்பாடமான படங்களையே மறுபடியும் பார்க்கிறோம். இந்த வருஷம் நான் பார்த்தவை 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'திருவிளையாடல்', அத்துடன் ஜெரார் ஃபிலீப் நடித்த 'ஃபான்ஃபான் லா துலீப்'. பிரெஞ்சில் படித்தவனுக்கு நாலில் ஒன்றாவது அந்தப் பாஷையில் இருந்தால்தான் பண்டிகை நிறைவாகும்.

பேரன் ரிமோட்டில் பெயரைச் சொல்கிறான், படம் வருகிறது. சில படங்கள் எத்தனை முறை சொன்னாலும் வருவதில்லை. வருகிறவை எப்படிப் பிழைத்தன, வராதவை எங்கே போயின என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் தியேட்டருக்கு இருக்கும் பங்கைப் போலவே வீட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் இளமைக் காலத்தில் ஒரு படத்தை இரண்டாம் முறை பார்ப்பது நம் கையில் இல்லை. ராமனிலோ ரத்னாவிலோ அஜந்தாவிலோ படம் மாறிவிட்டால் போயிற்று. பிறகு அது கிராமத்து டூரிங் கொட்டகைக்குப் போகும். சில வருஷம் கழித்து காலைக் காட்சியாகத் திரும்பி வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இடையில் நமக்கு இருந்தவை பாட்டுப் புஸ்தகமும் ரேடியோ ஒலிச்சித்திரமும்தான். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கட்டபொம்மன் வசன இசைத்தட்டு போட்டால், கேட்டுக்கொண்டே படத்தை மனசுக்குள் ஓட்டினோம். நம் தலைமுறைக்கு இத்தனை வசனம் மனப்பாடம் ஆனது அதனால்தான்.

சினிமாவை வீட்டுக்குக் கொண்டுபோகும் யோசனை நமக்கெல்லாம் மூத்தது. லூமியேர் சகோதரர்கள் பாரீஸ் கிராந் கஃபேயில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிய நாள் 28 டிசம்பர் 1895. நோயெலுக்கும் புது வருஷத்துக்கும் இடைப்பட்ட விடுமுறை வாரம் அது. அன்று வந்து பார்த்தவர்கள் முப்பத்து மூன்று பேர். ஆனால் அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள், 1897 மே மாதம், பாரீஸில் ஒரு தரும காரியச் சந்தையில் படம் காட்டும் இயந்திரத்தின் ஈதர் விளக்கிலிருந்து தீப்பிடித்து 120க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். படச்சுருளும் அப்போது நைட்ரேட்டில் செய்ததுதான். பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. அப்படிப்பட்ட பொருளைக் குழந்தை குட்டி உள்ள வீட்டுக்குள் யார் விடுவார்கள்?

இதற்கு வழி கண்டது பாத்தே கம்பெனி. 1912இல், எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் சுருளில் வீட்டுக்கென்று ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். அது விலை கூடியது, வசதிக்காரர்களோடு நின்றுவிட்டது. 1922 நோயெல் பண்டிகைக்கு 'பாத்தே பேபி' என்று ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். பெயருக்கு ஏற்ற சின்ன இயந்திரம். சுருளின் அகலம் ஒன்பதரை மில்லிமீட்டர். மற்ற சுருள்களில் ஓரத்தில் இருக்கும் துளை இதில் நடுவில், இரண்டு படங்களுக்கு இடையே இருக்கும். அதனால் ஓரத்து இடம் வீணாகாமல் படம் பெரிதாக விழும். கையால் சுற்ற வேண்டும், ஆரம்பச் சுருள்கள் ஒரு நிமிஷத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும். எழுத்து அட்டை வரும் இடத்தில் சுருளின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அங்கே வந்ததும், கை சுற்றிக்கொண்டிருந்தாலும் சுருள் சில விநாடி நின்று, வாசிக்க அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் நகரும். ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு வாக்கியத்தையே காட்டிவிடுகிற சிக்கனம்! தியேட்டரில் ஓடிய பெரிய படங்களையும் வெட்டிச் சுருக்கி இந்த அளவில் விற்றார்கள். பண்டிகை நாளில் வீட்டுச் சுவரில் துணி கட்டிப் பிடித்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வழக்கம் அங்கே அப்போதே வேர்விட்டது.

விளையாட்டுச் சாமானாக வந்த இந்தச் சுருள்கள் செய்த ஒரு பெரிய காரியத்தைச் சொல்ல வேண்டும். அபெல் கான்ஸ் எடுத்த 'நெப்போலியன்' 1927 ஏப்ரலில் பாரீஸ் ஓப்பேராவில் திரையிடப்பட்டது. முக்கியமான சில காட்சிகளுக்கு மூன்று திரைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டிய படம். பேசும் படம் வந்ததும் அதை ஆளுக்கு ஒரு விதமாக வெட்டினார்கள், துண்டு துண்டாகச் சிதறியது. 1954இல் லண்டனில் கெவின் பிரவுன்லோ என்ற பள்ளிச் சிறுவனுக்கு, அந்தப் படத்தின் ஒன்பதரை மில்லிமீட்டர் சுருள்கள் இரண்டு கிடைத்தன. வீட்டில் பார்ப்பதற்காகச் சுருக்கி விற்ற அதே சரக்கு. பார்த்த பையன் அசந்துபோனான். மிச்சத்தைத் தேடுவதே அவன் வாழ்நாள் வேலையாயிற்று. அவர் ஒட்டிச் சேர்த்த நெப்போலியனை 1979இல் அமெரிக்காவில் டெல்யுரைட் என்ற ஊரில் திறந்தவெளியில் திரையிட்டார்கள். தொண்ணூறை நெருங்கிய கான்ஸ் ஓட்டல் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்துக் காலமானார். 2024இல் சினிமாத்தேக் பிரான்சேஸ் ஏறத்தாழ ஏழு மணி நேரத்துக்கு அதைச் செப்பனிட்டுத் திரையிட்டிருக்கிறது.

எடுத்தவரே தன் படத்தைக் காப்பாற்றாத கதையும் உண்டு. மந்திரக் காட்சிகளால் உலகத்தை மயக்கிய மெலியேஸ், கடனும் கசப்புமாக 1923இல் தன் நெகட்டிவ்களைத் தானே கொளுத்தினார். அவர் எடுத்தவை ஏறத்தாழ ஐந்நூறு, இன்று மிஞ்சியவை இருநூறு அளவில். மிஞ்சியவையும் பிறர் கையில் பிரதிகள் இருந்ததால்தான் மிஞ்சின.

அடுத்த கட்டம் வீடியோ. ஜப்பானில் சோனி 1975இல் பீட்டாமேக்ஸையும், ஜேவிசி 1976இல் விஹெச்எஸ்ஸையும் கொண்டுவந்தன. வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் படத்தைப் பதிவு செய்வதே திருட்டு என்று அமெரிக்கப் படக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1984 ஜனவரியில் அங்கே உச்ச நீதிமன்றம், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு ஓட்டு!

பிரான்சில் இன்னொரு வேடிக்கை. ஜப்பானிய வீடியோ கருவிகள் குவிவதைத் தடுக்க 1982 அக்டோபரில் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. நாட்டுக்குள் வரும் வீடியோ கருவி எல்லாம் புவாத்தியே நகரத்துச் சுங்க அலுவலகம் ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். துறைமுகத்துக்குத் தொலைவில் உள்ளே தள்ளி இருக்கும் ஊர், அலுவலர்களும் ஒரு சிலர்தான். காகிதம் எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். 732இல் ஷார்ல் மார்த்தெல் படையெடுப்பைத் தடுத்து நிறுத்திய இடம் என்று நாங்கள் பள்ளியில் உருப்போட்ட அதே புவாத்தியே! தடை என்ற வார்த்தையே எழுதாமல், கோப்பை மட்டும் மெதுவாக நகர்த்திச் சரக்கைத் தடுத்துவிட்டார்கள். அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த வித்தையின் அருமை புரியும். அடுத்த ஏப்ரலிலேயே உத்தரவை விலக்கிக்கொண்டார்கள்.

அந்தக் கருவிகள் நம் ஊருக்கும் வந்தன. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த சொல்தா குடும்பங்கள் கேசட்டோடு வந்து இறங்கினார்கள். பிரான்சின் கலர் முறை செக்காம், நம்முடையது பால். அங்கே பதிந்த கேசட்டை இங்கே போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். கல்யாணப் பட்டுப் புடவை எல்லாம் சாம்பல் நிறம்! மற்றவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டெக் வாடகைக்கு எடுத்தோம். டிவி, டெக், நாலு கேசட் என்று ஒரு ராத்திரிக்குக் கணக்கு. தெருவே கூடத்தில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தது நினைவிருக்கும். மறுநாள் அலுவலகத்தில் பாதிப் பேர் மேஜையில் தூங்கினார்கள்.

இனி, கேட்டும் வராத படங்கள். தமிழின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 தீபாவளியை ஒட்டி வந்த 'காளிதாஸ்', டி.பி. ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ்ப் பேசும் படம், அதற்கும் பிரதி இல்லை. ஓடி முடிந்த சுருளுக்கு மதிப்பு அதிலிருந்த வெள்ளிதான் என்று கிலோக்கணக்கில் விற்றார்கள். வெள்ளியை எடுத்த பிறகு மிச்சம் வளையலுக்குப் போயிற்று. புனேயில் அரசாங்கம் திரைப்பட ஆவணக் காப்பகம் திறந்ததே 1964இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2003 ஜனவரியில் அதே புனேயில், பழைய நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு ஒன்று எரிந்தும் போயிற்று.

அந்தக் காலத் தமிழ் வீடுகளில் பாத்தே பேபி ஓடவில்லை. 'காளிதாஸி'ன் ஒரு நிமிஷத் துண்டைக்கூட எந்தப் பையனும் பரணிலிருந்து கண்டெடுக்கப் போவதில்லை. எதிர்ப்பக்கத்தில் 'கர்ணனை'ப் பாருங்கள். 1964 பொங்கலுக்கு வந்த படம். சிதைந்துபோயிருந்ததைச் செப்பனிட்டு 2012இல் வெளியிட்டபோது தியேட்டர்கள் மறுபடி நிரம்பின. ஏதோ ஒரு மூலப் பிரதி பிழைத்திருந்தது, டெலிவிஷனிலும் கேசட்டிலும் பார்த்துப் பார்த்து அதை மறக்காத ஜனங்களும் இருந்தார்கள். இரண்டும் வேண்டும். பார்ப்பவர் இல்லாத படத்தைச் செப்பனிட யார் பணம் போடுவார்கள்?

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் பழைய விஹெச்எஸ் கேசட் இருந்தால் குப்பைக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் கடற்கரை ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பூத்த கேசட்டை டெக்கில் போட்டால் நாடா அறுந்துவிடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றித் தருகிற ஸ்டூடியோக்கள் இன்னமும் சில இருக்கின்றன. ஓடுகிற டெக்குகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகின்றன. சினிமா கேசட்டுக்குப் பிரதி வேறெங்காவது இருக்கலாம். உள்ளூர் நாடகம், கோயில் தேர், உங்கள் வீட்டுக் கல்யாணம் இவற்றுக்கு உங்களிடம் உள்ளது ஒன்றே பிரதி.