நாலு மணி நேர ராணி

சியோல் போய்ட்டு வந்தவங்க யாரோட ஆல்பத்தைத் திறந்தாலும் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பின்னாடி ஒரு அரண்மனை வாசல். முன்னாடி குடை மாதிரி விரிஞ்ச பாவாடையில நம்ம ஆளு, பின்னல்ல ரிப்பன், கையில குட்டிப் பை, முகத்துல மகாராணி களை. ஆம்பளைங்கன்னா நீள அங்கியும் கறுப்பு வலைத்தொப்பியும். படத்துல தெரியாத ஒரே விஷயம், அடியில போட்டிருக்கற ஸ்போர்ட்ஸ் ஷூ :-)

அந்த உடுப்புக்குப் பேர் ஹன்போக். அரண்மனை பேர் கியோங்போக்குங். உடுப்பு வாடகைக்கு எடுத்தது. அன்குக் ஸ்டேஷன், கியோங்போக்குங் ஸ்டேஷன் ரெண்டையும் சுத்தி எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் இந்த வாடகைக் கடைங்கதான். ரெண்டு மணி நேரம், நாலு மணி நேரம், முழு நாள்னு கணக்கு. மேலுக்கு ஒண்ணு கீழுக்கு ஒண்ணுன்னு எடுத்துக் கொடுத்தா, கடைக்கார அக்கா உள்பாவாடையக் கட்டிவிட்டு, தலையப் பின்னி, நம்ம துணிமணியை லாக்கர்ல போட்டுப் பூட்டி அனுப்பிடுவாங்க. சாதாவுக்கு ஒரு விலை, தங்கப்பூ போட்ட 'பிரீமியம்' ரகத்துக்கு ஒரு விலை. நேரம் தாண்டினா தனியா தண்டம் அழணும்.

இதைப் போட்டுக்கிட்டுப் போனா அரண்மனைக்குள்ள இலவசம். 2013 அக்டோபர்ல கொண்டு வந்த விதி. அப்ப டிக்கெட்டே 3000 வோன்தான், பெரிய காசில்ல. ஆனா 'ஓசி'ங்கற வார்த்தைக்கு எந்த ஊர்லயும் ஒரு மவுசு உண்டே! அதோட இன்ஸ்டாகிராமும் சேர, அடுத்த சில வருஷத்துல வாடகைக் கடை ஒரு தனித் தொழிலாவே ஆயிடுச்சு.

இதைப் பத்தி எழுதற பெரியவங்க பல பேருக்கு ஒரு எரிச்சல். இது டூரிஸ்டுக்காகக் கட்டற வேஷம், உடுப்பும் அசல் இல்ல, வாடகைக்கு எடுத்து ராணியா நடிக்கறது நேத்து முளைச்ச கூத்து, அப்படீன்னு. உடுப்பைப் பத்திச் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. வாடகையைப் பத்திச் சொல்றதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. அரண்மனை உடுப்பை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போடறது, அந்த அரண்மனையில நிஜ ராஜா உக்காந்திருந்த காலத்துலயே இருந்த பழக்கம்.

கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஜோசான் வம்சம் 1392ல ஆட்சிக்கு வந்துச்சு. 1395ல கியோங்போக்குங்கைக் கட்டினாங்க. கன்பூசிய ராஜ்ஜியம். யார் யாருக்கு மேல, யார் யாருக்குக் கீழங்கறது பார்த்த மாத்திரத்துல தெரியணும். அதுக்கு உடுப்பை விட வசதியான போர்டு எது? 1485ல முழுசா நடைமுறைக்கு வந்த 'கியோங்குக் தேஜொன்'ங்கற சட்டத் தொகுப்புல எந்தப் பதவிக்கு என்ன உடுப்புங்கறது எழுதியே வெச்சிருந்தாங்க. அதிகாரிகளுக்கு நெஞ்சுல ஒரு சதுர எம்பிராய்டரி வில்லை வேணும்னு 1454லயே முடிவு பண்ணியாச்சு. ராஜாவோட சிவப்பு அங்கியில தங்க டிராகன். அதுலயும் ராஜாவோட டிராகனுக்கு 5 நகம், பட்டத்து இளவரசருக்கு 4 தான். (ஒரு நகத்துல என்னய்யா இருக்குன்னு கேட்டுடாதீங்க. அந்த ஒரு நகத்துக்காகத் தலை போயிருக்கும்.)

சாதாரண குடியானவனுக்கு? சணல் துணி, பருத்தித் துணி, பெரும்பாலும் வெள்ளை. பட்டும் பளிச் நிறமும் அவனுக்குக் கூடாது. கூடும்னாலும் வாங்கக் காசு கிடையாது. பின்னாடி கொரியாக்காரங்க தங்களையே 'வெள்ளுடை மக்கள்'னு பெருமையாச் சொல்லிக்கிட்டாங்க. அந்தப் பெருமைக்குள்ள ஏழ்மையும் சட்டமும் சரிபாதி கலந்திருக்குங்கறது என் எண்ணம்.

ஆனா இந்தக் கெடுபிடி ராஜ்ஜியம் ஒரே ஒரு நாளைக்கு மட்டும் கண்ணை மூடிக்கிச்சு. கல்யாணத்தன்னிக்கு.

அன்னிக்குக் குடியானவன் மகன் அரசாங்க அதிகாரியோட அங்கியும் கறுப்புத் தொப்பியும் போடலாம். அவன் கட்டிக்கப் போற பொண்ணு 'ஹ்வாரொட்' போடலாம். இது அரண்மனை இளவரசிகள் போட்ட சிவப்புப் பட்டு அங்கி. உடம்பு பூரா தாமரை, பியோனிப் பூ, ஃபீனிக்ஸ் பறவைன்னு எம்பிராய்டரி. கைநுனியில அகலமா வெள்ளைப் பட்டை. வாழ்க்கையில ஒரு தடவை, ஒரு பகல், அவ இளவரசி. மறுநாள் அதே சணல் துணி, அதே வயக்காடு.

சட்டம் அனுமதிச்சாச்சு, சரி. ஆனா இத்தனை எம்பிராய்டரி போட்ட பட்டுக்குக் குடியானவன் எங்க போவான்? அங்கதான் இரவல் வருது. பல கிராமங்கள்ல ஊருக்குப் பொதுவா ஒரே ஒரு ஹ்வாரொட் வெச்சிருந்து, கல்யாணம் ஆகப்போற பொண்ணுங்க ஒவ்வொருத்தியா மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்க. தலைநகர்ல இதுக்குக் கடையே இருந்துச்சு. 'செமுல்ஜொன்'னு பேரு. கல்யாணம், சாவு ரெண்டுக்கும் வேண்டிய சாமானை வாடகைக்குத் தர்ற கடை. நம்ம வாடகைப் பாத்திரக் கடையில துணிமணியும் சேர்த்து வெச்சிருந்தா எப்படி இருக்கும், அப்படி. அது போக 'சுமோ'ன்னு ஒரு பெண்கள் கூட்டம் (ஜப்பான் மல்யுத்தக்காரங்க இல்ல!). மணப்பெண்ணுக்கு அலங்காரம் பண்ணிவிட்டு, உடுப்பும் தலை அலங்காரமும் வாடகைக்குக் கொண்டாந்து, சடங்கு முடியற வரைக்கும் பொண்ணு பக்கத்துலயே நிப்பாங்க. இன்னிக்கு அன்குக்ல நம்ம தலையைப் பின்னிவிடற அக்கா யாரோட வாரிசுன்னு புரியுதா?

தலை அலங்காரம்னதும் ஞாபகம் வருது. 18ஆம் நூற்றாண்டுல வசதியான வீட்டுப் பெண்களுக்கு 'காச்சே'ங்கற பெரிய சவுரிக்கொண்டை மேல பைத்தியம். விலை ஒரு பக்கம், எடை இன்னொரு பக்கம். யி தொக்-மு (1741-1793)ங்கற அறிஞர் ஒரு சம்பவத்தை எழுதி வெச்சிருக்கார். 13 வயசு மருமக, மாமனார் உள்ள வர்றதைப் பார்த்து சடார்னு எழுந்திருக்கா. கொண்டை பாரத்துல கழுத்து முறிஞ்சு போய்ட்டா. யொங்ஜோ ராஜா 1756ல காச்சேவைத் தடை பண்ணி, அதுக்குப் பதிலா 'ஜொக்துரி'ங்கற சின்னக் குல்லாயை வெச்சுக்கச் சொன்னார். கேட்டாங்களா? 1788ல ஜொங்ஜோ ராஜா திரும்பவும் தடை போட வேண்டி வந்துச்சுன்னா பார்த்துக்குங்க.

அந்த யி தொக்-முவே இன்னொரு விஷயத்துக்கும் புலம்பியிருக்கார். பெண்களோட மேல்சட்டை (ஜொகோரி) ரொம்பக் குட்டையா, ரொம்ப இறுக்கமா ஆயிடுச்சாம். கழட்டறதுக்குத் தையலைப் பிரிக்க வேண்டியிருக்காம். கிசெங்குன்னு சொல்ற ஆடல் பாடல் பெண்கள்கிட்ட இருந்து குடும்பப் பெண்களுக்குத் தொத்திக்கிச்சாம். அவர் வயித்தெரிச்சல் இருக்கட்டும், தகவல் முக்கியம். ஜோசான் ஆரம்பத்துல ஜொகோரி இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. 18ஆம் நூற்றாண்டு முடியறப்ப நெஞ்சை மூடறதே பெரிய பாடு. 1758ல பிறந்த ஷின் யுன்-போக்கோட ஓவியங்கள்ல அப்படியே பார்க்கலாம்: குட்டிச் சட்டை, மணி மாதிரி உப்பின பாவாடை. இன்னிக்கு 'பாரம்பரிய ஹன்போக்'னதும் கண்ணு முன்னாடி வர்ற உருவம் இதுதான். அது வந்த காலத்துல பெரியவங்க திட்டித் தீர்த்த ஃபேஷன்!

அதுக்கப்புறமும் அது சும்மா இல்ல. பாவாடையை (சிமா) நெஞ்சைச் சுத்தி இறுக்கித்தான் கட்டுவாங்க, மூச்சு விடறதே கஷ்டம். 1910கள்ல இவா பெண்கள் பள்ளியோட அமெரிக்க ஆசிரியைகள் அதுக்குத் தோள்பட்டி வெச்சுத் தைக்கற யோசனையைக் கொண்டு வந்தாங்க. பொண்ணுங்க ஓடலாம், உடற்பயிற்சி பண்ணலாம். அப்படியே ஒட்டிக்கிச்சு. இன்னிக்கு அசல் மரபுன்னு விக்கற ஹன்போக்லயும் அந்தத் தோள்பட்டி உண்டு. 'ஹன்போக்'ங்கற பேரே கூட 19ஆம் நூற்றாண்டு கடைசியில கோட்டு சூட்டு வந்தப்புறம், அதுல இருந்து பிரிச்சுச் சொல்றதுக்காகப் புழக்கத்துக்கு வந்ததுதான். அதுக்கு முன்னாடி அது வெறும் துணி. வடகொரியாவுல இப்பவும் 'ஜோசான் ஒட்', அதாவது ஜோசான் துணின்னுதான் பேர்.

கொரியாவுல எவன் ஆட்சிக்கு வந்தாலும் முதல்ல ஜனங்க உடம்பு மேலதான் கை வெச்சிருக்கான். 1884ல கோஜொங் ராஜா அகலக் கையை எல்லாம் சின்னதாக்கச் சொன்னார். ஒரே கூச்சல். 1895 டிசம்பர்ல ஆம்பளைங்க உச்சிக்கொண்டையை வெட்டணும்னு ஆணை. அதுக்குக் கிட்டத்தட்ட மூணு மாசம் முன்னாடிதான் ராணி மியோங்சோங்கை ஜப்பான்காரங்க இதே கியோங்போக்குங்குக்குள்ள புகுந்து கொன்னிருந்தாங்க. ஜனங்க கொதிச்சுப் போய் ஆயுதம் தூக்கினாங்க. அப்புறம் 1910ல இருந்து 1945 வரைக்கும் ஜப்பான் ஆட்சி. வெள்ளைத் துணி துவைக்க நேரம் வீணாகுது, சாயத்துணி போடுங்கன்னு பிரச்சாரம். 1930கள்ல சந்தையில வெள்ளை உடுப்போட நடந்தவங்க மேல மையையும் சாயத்தையும் அடிச்சாங்க. போர்க்காலத்துல பெண்களுக்கு 'மொம்பே'ங்கற தொளதொள வேலைக் கால்சட்டை.

விடுதலைக்கு அப்புறம் அடிக்க யாரும் இல்ல. ஆனா பஸ்ஸும் ஃபேக்டரியும் ஆஃபீசும் வந்தப்புறம் ஹன்போக் தானாவே பீரோவுக்குள்ள போயிடுச்சு. புது வருஷம், சூசோக் பண்டிகை, கல்யாணம், குழந்தையோட முதல் பிறந்தநாள், அவ்வளவுதான். 1996ல அரசாங்கமே 'ஹன்போக் தினம்'னு ஒண்ணை ஆரம்பிச்சுப் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டிய நிலைமை. அந்தக் கெஞ்சல் சாதிக்காததை 2010கள்ல வாடகைக் கடையும் செல்ஃபோன் கேமராவும் சாதிச்சுது. திரும்பவும் இருபது வயசுப் பசங்க ஹன்போக்ல தெருவுல நடந்தாங்க. பாட்டி வற்புறுத்தாமலே!

உடனே வந்துச்சு பாருங்க விதி. இலவசம் வேணும்னா ஆம்பளை ஆம்பளை ஹன்போக்தான் போடணும், பொண்ணு பொண்ணு ஹன்போக்தான் போடணும். கால்சட்டை ஹன்போக்ல வந்த பொண்ணுக்கு டிக்கெட். மனித உரிமை ஆணையம் இது பாகுபாடுன்னு சொன்னதுக்கு அப்புறம், 2019 ஜூலையில இருந்துதான் அது மாறுச்சு. இன்னொரு பக்கம் 'ஃப்யூஷன்' சண்டை. வாடகை உடுப்புல கம்பி வளையம் வெச்ச உள்பாவாடை, லேஸ், முதுகுல முடிச்சுப் போடற பெரிய ரிப்பன், எங்க பார்த்தாலும் தங்க அச்சு. இதுக்கெல்லாம் இலவசம் கூடாதுன்னு 2018ல ஜோங்னோ மாவட்ட அலுவலகம் பேச்சைக் கிளப்புச்சு. 2024 மே மாசம் மரபுரிமைத் துறைத் தலைவரே அரண்மனையைச் சுத்தியிருக்கற ஹன்போக்கைச் சீர்படுத்தணும்னார். நடுவுல 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவுல, சீனாவோட சிறுபான்மை இனங்கள்ல ஒண்ணா ஹன்போக் போட்ட பொண்ணு நடந்து வந்தப்ப கொரியாவே கொந்தளிச்சுது. 'எங்க உடுப்பு'ங்கற பதட்டம் சும்மா வரல.

அதுலயும் தையல்காரங்க வருத்தம் நிஜம். 1905ல ஆரம்பிச்ச குவாங்ஜாங் சந்தையில அளவெடுத்து, பட்டை வெட்டி, கழுத்து வெள்ளைப் பட்டையை (தொங்ஜொங்) கையாலயே தைக்கறவங்க இன்னும் இருக்காங்க. அவங்க ஒரு உடுப்பு தைக்கற கூலியில வாடகைக் கடைக்காரர் மெஷின் தையல் உடுப்பு பல வாங்கி மாட்டிடுவார். ஊருக்கு வர்றவன் கண்ணுல படறது பின்னதுதான். இந்த விஷயத்துல நான் தையல்காரங்க கட்சி. கம்பி வளையத்தை எனக்கும் பிடிக்காது. ஆனா அதுக்கு டிக்கெட் கவுண்டர்ல ஒரு ஆளை நிறுத்தி, வர்றவங்க பாவாடையை அளக்கச் சொன்னா, அது யொங்ஜோ ராஜா கொண்டையைத் தடை பண்ண கதைதான்.

அசல் வேணும்னு கேக்கறவங்க அந்த அரண்மனையையும் கொஞ்சம் பார்க்கலாம். 1592ல ஜப்பான் படையெடுப்பு சமயத்துல எரிஞ்சுது. 270 வருஷத்துக்கு மேல பாழ். 1867ல திரும்பக் கட்டினாங்க. 1915ல ஜப்பான்காரன் அதுக்குள்ள பொருட்காட்சி நடத்தினான், அதுக்காகக் கட்டடங்களை இடிச்சான். 1926ல முன்பக்கத்தை மறைச்சு ஒரு பிரம்மாண்ட அலுவலகம் கட்டி முடிச்சான். அதை இடிக்க ஆரம்பிச்சது 1995ல. எல்லாரும் போட்டோ எடுக்கற குவாங்வாமுன் வாசலைத் திரும்பக் கட்டி முடிச்சது 2010ல. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு நிக்கற அரண்மனை. அதை யாரும் ஃப்யூஷன்னு சொல்றதில்ல.

2022 ஜூலையில கொரியா 'ஹன்போக் செங்ஹ்வால்' அப்படீங்கறதை தேசிய மரபுரிமையா அறிவிச்சுது. ஹன்போக் உடுத்தி வாழற பழக்கம்னு அர்த்தம். இதுல கவனிக்க வேண்டியது, இன்னார்தான் இதுக்கு ஆசான்னு யாரையும் குறிப்பிடல. ஜனங்க எல்லாருக்கும் பொதுன்னு விட்டுட்டாங்க. 2023ல கியோங்போக்குங் வளாகத்துக்குள்ளயே இருக்கற தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துல ஹ்வாரொட்டுக்குன்னே ஒரு கண்காட்சி நடந்துச்சு. லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்துல நைஞ்சு கிடந்த ஒண்ணை, பிடிஎஸ் பாட்டுக்காரர் ஆர்எம் கொடுத்த நன்கொடையில செப்பனிட்டு அதுல வெச்சாங்க.

இந்த மாதிரி மிச்சமிருக்கற பழைய ஹ்வாரொட்டுங்கள்ல கழுத்துப் பக்கம் உத்துப் பார்த்தா, வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். ஒருத்தி தலை எண்ணெய்க் கறை அடுத்தவளுக்குத் தெரியக் கூடாதுல்ல? கல்யாணம் முடிஞ்சதும் அந்தக் காகிதத்தைக் கிழிச்சுட்டு, அடுத்த பொண்ணுக்குப் புதுசா ஒட்டுவாங்க.

பி.கு: செவ்வாய்க்கிழமை கியோங்போக்குங்குக்கு லீவு. வாடகை கட்டிட்டுப் போய் வாசல்ல நிக்காதீங்க.