செப்பேட்டில் இருக்கும் பழைய விலாசம்

மட்டாஞ்சேரியில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போனில் பிடித்தார். கடையை இரண்டு தெரு தள்ளி மாற்றுகிறாராம். கூகுள் மேப்பில் பழையதை மூடியாச்சு என்று போட்டுவிட்டு, புதுசாக ஒன்று தொடங்கட்டுமா என்றார். "வேண்டாம் சேட்டா, பழைய பதிவிலேயே விலாசத்தை மட்டும் திருத்துங்க. இல்லேன்னா ஜனங்க எழுதின விமர்சனமெல்லாம் மூடின கடையோடயே நின்னு போயிடும்" என்றேன். பதிவு ஆளுக்கா, இடத்துக்கா? அந்தத் தெருவுக்கு இது ரொம்பப் பழைய கேள்வி.

யூதத் தெருக் கோடியில் இருக்கும் பரதேசி ஜெப ஆலயத்தின் செப்பேடுகளைத்தான் சொல்கிறேன். கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. செப்பேட்டில் அவர் பெயர் இசுப்பு இரப்பான்! எழுத்து வட்டெழுத்து. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும், 72 சிறப்புரிமைகளும் அதில் உண்டு. சுங்கத்திலிருந்து விலக்கு, குடை, பகல் விளக்கு, பாவாடை... சிரிக்காதீர்கள், பாவாடை என்றால் நடந்து வர விரிக்கும் துணி.

செப்பேடு குறிப்பிடும் ஊர் மட்டாஞ்சேரி இல்லை, முயிரிக்கோடு. அதாவது இன்றைய கொடுங்கல்லூர். 1341 பெரியாற்று வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் துறைமுகம் தூர்ந்து கொச்சி தலையெடுத்தது என்பார்கள். 1524ல் கொடுங்கல்லூர் யூதர்கள் தாக்கப்பட்டார்கள், பலர் கொச்சிக்கு ஓடி வந்தார்கள். கொச்சி ராஜா தன் அரண்மனைப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். 1568ல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. யாரும் புது ஊர் பெயரில் புதுச் செப்பேடு அடித்துக்கொள்ளவில்லை. தேவையும் இல்லை. உரிமை இசுப்பு இரப்பானுக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றுதானே எழுதியிருக்கிறது, இடத்துக்கு இல்லையே.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. யார் வாரிசு? ஸ்பெயின் போன்ற தேசங்களிலிருந்து பிற்பாடு வந்தவர்கள் பரதேசி யூதர்கள். (நம்மூரில் பரதேசி என்றால் திட்டு. இங்கே வெளிதேசத்துக்காரர் என்று அர்த்தம், நம்மைப் போல.) செப்பேடு இருந்தது அவர்கள் கையில். முன்பிருந்தே இருந்த மலபாரி யூதர்களோ, அது எங்கள் சொத்து என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். எனக்கு அவர்கள் கட்சிதான் நியாயமாகப் படுகிறது. ஆயிரமாம் ஆண்டு வாக்கில் எழுதிய பட்டயத்துக்கு, பல நூற்றாண்டு கழித்து வந்தவர் எப்படி முதல் வாரிசாக முடியும்? ஆனால் கையில் வைத்திருப்பவர் பேச்சுத்தானே எடுபடும்.

1950களில் மலபாரி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள். செப்பேடு மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டது. 2017 ஜூலையில் பிரதமர் மோதி இஸ்ரேல் போனபோது அதன் நகலை நெதன்யாகுவுக்குப் பரிசளித்தார். அந்த நகலிலும் ஊர் முயிரிக்கோடுதான்.