கப்பலேறிய அம்மாள்

1991 மே மாதம் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ கதை ஒன்று டீயானா ட்ராயின் நாட்குறிப்போடு தொடங்குகிறது. என்டர்பிரைஸ் விண்கலத்தின் மனநல ஆலோசகர் அவள். அன்றைக்குப் பதிவு செய்ய அவளிடம் ஒரே செய்திதான் இருக்கிறது: அம்மா வந்திருக்கிறாள். ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கும் கேப்டன் பிக்கார்ட், லிஃப்டிலிருந்து கழுத்தை மட்டும் நீட்டி, நடையில் ஆளரவம் உண்டா என்று பார்த்துவிட்டு நழுவப் பார்க்கிறார். நடக்குமா? அந்த அம்மாள் பிடித்துவிடுகிறாள்.

லுவாக்ஸானா ட்ராய். 1987 நவம்பரில் தொடங்கி 1996 ஏப்ரல் வரை, இரண்டு தொடர்களில், ஒன்பது கதைகளில் வந்தவள். ஐந்தாம் குலத்தின் மகள், ரிக்ஸின் புனிதக் கிண்ணத்தைக் காப்பவள், பீட்டாஸெட்டின் புனித மோதிரங்களுக்கு வாரிசு என்று மூச்சு விடாமல் பட்டங்களை அடுக்குவாள். அந்தக் கிண்ணம் பூஞ்சை பிடித்த பழைய மண்சட்டி என்பதை ஒருமுறை பெற்ற மகளே போட்டு உடைக்கிறாள்.

நான் அந்தக் காலத்து ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் வீட்டில் இந்தத் தொடர்களின் டிவிடிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். இந்த அம்மாள் தலை தெரிந்தால் கை தானாக ரிமோட்டைத் தேடும். பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. பீட்டாஸெட்காரர்கள் பிறர் மனத்தில் ஓடுவதைப் படிக்கத் தெரிந்தவர்கள். சரி, படித்துவிட்டுச் சும்மா இருக்கலாம் அல்லவா? இவள் அதைச் சபையில் உரக்கச் சொல்வாள். முதல் கதையிலேயே, தன்னைப் பார்த்துப் பிக்கார்டின் மனம் சஞ்சலப்படுகிறது என்று அவர் முகத்துக்கு நேரே கண்டுபிடித்துச் சொல்கிறாள். பாவம், அவர் அப்போது அவளுடைய பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

அந்த முதல் கதை, ‘ஹேவன்’, நம் வீட்டுக் கல்யாணக் கதைதான். சின்ன வயதிலேயே பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் பூமிக்காரர்கள், மனிதர்கள் வழக்கப்படி கல்யாணம் நடக்கவேண்டும் என்கிறார்கள். பீட்டாஸெட் வழக்கப்படி மணமக்களும் வந்தவர்களும் ஒட்டுத்துணி இல்லாமல் நிற்கவேண்டும் என்கிறாள் இவள். விருந்து மேசையில் சம்பந்திச் சண்டை. சண்டைக்கு நடுவே, இவள் ஒவ்வொரு வாய் உண்ணும்போதும், நன்றி சொல்லும் முறையாக, வேலையாள் ஹோம் மணியைத் தட்டுகிறான். டச்சு நடிகர் காரல் ஸ்ட்ரைக்கன் அந்த வேடத்தில் ஏழடி உயரத்துக்கு, ஏறக்குறைய வாய் திறவாமலே நிற்பார். அந்த மணிச் சத்தம் பிக்கார்டின் நரம்பில் விழுவது அவர் முகத்திலேயே தெரியும். மணியை நிறுத்தியிருந்தால் நானும் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்படி ஓர் ஆளைக் கொண்டுவந்து விடுவது பழைய தொழில்முறை. வாரா வாரம் அதே முகங்கள், அதே ஒழுங்கு. அதைக் கலைக்க ஒரு தொல்லை தேவைப்படும். ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரில் (1965 முதல் 1968 வரை) டாக்டர் ஸ்மித் முதலில் கொடிய சதிகாரன்தான். ஜோனதன் ஹாரிஸ் தம் வசனங்களைத் தாமே மாற்றி எழுதிக்கொண்டு, அவனைக் கோழையாகவும் புலம்பலாகவும் ரோபாட்டை வகைவகையாகத் திட்டுகிறவனாகவும் ஆக்கினார். குடும்பக் கதையாக இருந்தது கடைசியில் அவன் கதையாகிவிட்டது. முதல் ஸ்டார் ட்ரெக்கில் ஹாரி மட் என்றொரு புளுகன் வந்தான். ஆனால் ஸ்மித், மட் இருவரும் செய்தால் குறும்பு. நடுவயது தாண்டிய பெண்ணொருத்தி அதே வேலையைச் செய்தபோது அதற்குப் பெயர் தொல்லை.

அந்தப் பெண்ணாக நடித்த மேஜல் பாரெட்டின் வரலாறு தெரியாமல் லுவாக்ஸானாவை முழுதாகப் பார்க்க முடியாது. ஒஹையோ மாநிலத்தில் 1932இல் பிறந்தவர். ஸ்டார் ட்ரெக்கின் முதல் முன்னோட்டப் படமான ‘தி கேஜ்’ 1964 கடைசியில் படமாக்கப்பட்டபோது, கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரம் இவர் கையில் இருந்தது. பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை, ‘நம்பர் ஒன்’ மட்டும்தான். கருங்கூந்தல், சிரிக்காத முகம், கணக்குப் பிசகாத மூளை. என்பிசி தொலைக்காட்சி நிலையம் அந்தப் படத்தை ஏற்கவில்லை. இரண்டாம் முன்னோட்டத்தில் நம்பர் ஒன் இல்லை. அவளுடைய உணர்ச்சியற்ற நிதானம் இன்னொரு அதிகாரியான ஸ்பாக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

பெண் அதிகாரியை நிலையத்தார் ஏற்கவில்லை என்று தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெர்ரி காலமெல்லாம் சொல்லிவந்தார். அவரோடு வேலை செய்த ஹெர்பர்ட் சோலோவும் ராபர்ட் ஜஸ்ட்மனும் 1996இல் எழுதிய புத்தகத்தில் வேறு கதை சொன்னார்கள். பெண் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லையாம். தயாரிப்பாளர் தம் காதலியைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் இடித்ததாம். இரண்டில் எது மெய்யானாலும் வேலை போனது அந்த அம்மாளுக்கு. ஆட்சேபம் கொள்கையின் பேரிலா, ஆளின் பேரிலா என்பது வேலை இழந்தவருக்குப் பெரிய ஆறுதல் இல்லை. 1966இல் ‘தி கேஜ்’ காட்சிகளை வெட்டி இன்னொரு கதைக்குள் சேர்த்தபோது, நடிகர் பட்டியலில் அவர் பெயர் எம். லீ ஹூடெக் என்று வந்தது. ஏனென்றால் அதற்குள் மேஜல் பாரெட் என்ற பெயரில், பொன்னிறக் கூந்தலோடு, நர்ஸ் சேப்பலாக அதே கப்பலுக்குள் வந்துவிட்டார். கப்பலை நடத்தியவள் தட்டு ஏந்தி, ஸ்பாக்கைப் பார்த்து ஏங்கி நிற்கிறாள். 1969 ஆகஸ்டில் ஜப்பானில், ஷின்டோ முறைப்படி, அவருக்கும் ராடன்பெர்ரிக்கும் திருமணம் நடந்தது.

கப்பலின் கணினிக் குரலும் அவருடையதுதான். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் டிவிடியை நிறுத்திவிட்டு, இரண்டு குரலையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். ட்ரங்க் போர்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், குரலில் ஆள் தெரியக்கூடாது என்பது. அர்ஜென்ட் காலா, லைட்னிங் காலா, மூன்று நிமிஷம் முடிந்ததா எல்லாவற்றுக்கும் ஒரே குரல். மறுமுனையில் சாவுச் செய்தி போனாலும் அதே குரல்தான். ஷிஃப்ட் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு கேன்டீனுக்குப் போனால், எங்களைப் போல் கூச்சல் போட ஊரில் ஆள் கிடையாது. மேஜல் அந்த இரண்டையும் ஒரே கப்பலுக்குள் செய்தார். ஒழுங்காக, ஆள் தெரியாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் குரலை எல்லோருக்கும் பிடித்தது. அதே தொண்டை தனக்கு வேண்டியதைக் கேட்டபோது ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

லுவாக்ஸானா வேடத்தை ராடன்பெர்ரி மனைவிக்காகவே கொண்டுவந்தார். ‘ஆன்ட்டி மேம்’ என்ற புகழ்பெற்ற அடாவடி அத்தையை விண்வெளிக்கு அனுப்பினால் எப்படியோ அப்படி என்பது யோசனை. ஆனால் முதல் மூன்று கதைகளும் அவளுடைய ஆசையை வைத்தே சிரிப்புக் காட்டின. 1989இல் வந்த ‘மேன்ஹன்ட்’டில், பீட்டாஸெட் பெண்களுக்கு நடுவயதில் மோகம் நான்கு மடங்காகும் என்று ஒரு விதி வைத்து அவளைக் கப்பலில் அவிழ்த்துவிட்டார்கள். பிக்கார்ட் கற்பனைக்கூடத்தில் துப்பறிவாளர் வேடம் போட்டுக்கொண்டு ஒளிகிறார். கடைசி நிமிஷத்தில் இவள், மீன்முகத் தூதர்கள் இருவரும் குண்டு வைக்க வந்த கொலையாளிகள் என்று போகிற போக்கில் சொல்கிறாள். அத்தனை அதிகாரிகள் இருக்கும் கப்பலில் வேறு யாரும் கண்டுபிடிக்காத சதி! நன்றி சொல்ல ஆளில்லை.

என் மனம் திரும்பியது, தொடக்கத்தில் சொன்ன 1991 கதையில். பெயர் ‘ஹாஃப் எ லைஃப்’, திரைக்கதை பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸ். கேலான் உலகத்திலிருந்து டிமிசின் என்ற விஞ்ஞானி கப்பலுக்கு வருகிறார். அவர்களுடைய சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்றும் வழியைத் தேடுவதிலேயே ஆயுள் முழுவதையும் செலவழித்தவர். வேறொரு நட்சத்திரத்தில் செய்து பார்த்த சோதனை தோற்றுவிடுகிறது. திருத்தினால் ஒருவேளை பலிக்கலாம். ஆனால் அவருக்கு அறுபது வயது நிறையப்போகிறது. அவர்கள் ஊர் வழக்கப்படி அறுபதாம் வயதில் உற்றார் உறவினர் கூடியிருக்க உயிரை விடவேண்டும். முதியோர் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பது அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம்.

டிமிசினாக நடித்தவர் டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ். ‘மேஷ்’ தொடரில் 1977இல் வந்து சேர்ந்த, எல்லோரையும் அலட்சியமாகப் பார்த்து எரிச்சலூட்டி, கடைசியில் பார்த்தவர்கள் மனத்தில் இடம்பிடித்த மேஜர் வின்செஸ்டர் அவர்தான். இப்படிப்பட்ட வேடத்தின் நெளிவுசுளிவு தெரிந்தவர். அதனாலோ என்னவோ, லுவாக்ஸானா பேசும்போது இந்த மனிதர் ஓடவில்லை. உட்கார்ந்து கேட்கிறார், சிரிக்கிறார், பதில் சொல்கிறார். அவ்வளவுதான் நடந்தது. அவள் குரலும் குறையவில்லை, உடையும் அடங்கவில்லை. ஆனால் அதுவரை இரைச்சலாகக் கேட்ட அதே பேச்சு இப்போது உரையாடலாகிவிட்டது.

அவரிடம் அவள் தன் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்கிறாள். முன்னொரு காலத்தில் பீட்டாஸெட் பெண்கள் பிரம்மாண்டமான சவுரி வைத்துக்கொள்வார்களாம், அதற்குள் கூண்டு கட்டி உயிருள்ள பிராணிகளை அடைத்திருப்பார்களாம். தலைக்கும் நோவு, பிராணிக்கும் வதை. ஒருநாள் ஒருத்தி இது வேண்டாம் என்று நிறுத்தினாளாம். அப்புறம் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வழக்கம் என்பதே காரணமாகிவிடாது என்று பிக்கார்ட் சொல்லியிருந்தால் பெரிய சொற்பொழிவாக இருந்திருக்கும். இவள் தலைமுடியை வைத்துச் சொல்லி முடித்துவிட்டாள். டிமிசின் அடைக்கலம் கேட்கிறார், சொந்த ஊரின் போர்க்கப்பல்கள் வந்து நிற்கின்றன, மகள் வந்து அழுகிறாள், அவர் திரும்பிப் போவதென்று முடிவு செய்கிறார். அந்த வழக்கத்தை அடியோடு வெறுக்கும் லுவாக்ஸானா, அவர் சாகும்போது பக்கத்தில் இருக்கவேண்டியவர்களில் தானும் ஒருத்தி என்று கூடவே கிளம்பிவிடுகிறாள். கப்பலையே கூப்பாட்டால் நிறைத்தவள், அந்த இடத்தில் ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை.

1993 மே மாதம் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்த ‘தி ஃபர்சேக்கன்’ இதையே இன்னும் இறுக்கிப் பிடித்தது. காவல் அதிகாரி ஓடோ உருவம் மாறும் இனம். பதினாறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரவமாகிவிட வேண்டும், அதை யாரும் பார்ப்பது அவனுக்குத் தாங்காது. அவனையும் இவளையும் பழுதான லிஃப்டுக்குள் அடைத்துவிட்டார்கள். முதல் பாதி முழுவதும் அவள் பேசுகிறாள், அவன் சுவரைப் பார்க்கிறான். நேரம் நெருங்குகிறது. முகம் வியர்வையாக வழிய, திரும்பிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் சவுரியைக் கழற்றினாள். அடியில் சாதாரண முடி. இந்தக் கோலத்தில் என்னையும் யாரும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் ஏந்தினாள். அவன் அதில் வழிந்து நிறைந்தான். நான் பார்த்தவரை அந்தத் தொடர்களிலேயே இதற்கு ஈடாக இன்னொரு காட்சி இல்லை. எந்த ஆயுதமும் எந்திரமும் இல்லாமல், ஒரு மடியும் ஒரு சவுரியும்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘டார்க் பேஜ்’ கதையைப் பலர் உயர்த்திப் பேசுவார்கள். லுவாக்ஸானாவுக்கு டீயானாவுக்கு முன்பே கெஸ்ட்ரா என்றொரு மகள் இருந்தாள், நீரில் மூழ்கி இறந்தாள், அந்த நினைவையே தாய் தனக்குள் பூட்டி வைத்திருந்தாள் என்பது அதில் வெளிப்படுகிறது. மேஜலின் நடிப்பில் குறையில்லை. கதையில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. வாயாடிப் பெண்ணை நாம் மன்னிக்கவேண்டுமென்றால் அவள் பின்னால் ஒரு பிள்ளையின் சாவை வைத்துத்தான் ஆகவேண்டுமா? ஹாரி மட்டுக்கு யாரும் அப்படிக் காரணம் தேடவில்லை. டிமிசினுக்கும் ஓடோவுக்கும் அந்தச் சாவு தெரியாது. தெரியாமலே அவர்களுக்கு அவளைப் பிடித்தது.

ராடன்பெர்ரி 1991 அக்டோபரில் இறந்தார். மேஜல் நிற்கவில்லை. போட்டித் தொடரான ‘பாபிலான் 5’இல்கூட 1996இல் ஒரு பேரரசரின் விதவையாக வந்து நடித்துவிட்டுப் போனார், இரண்டு பக்கத்து ரசிகர்களின் சண்டையும் கொஞ்சம் அடங்கட்டும் என்று. அதே ஆண்டு லுவாக்ஸானாவின் கடைசிக் கதையான ‘தி மியூஸ்’ வந்தது. அதன் கதைக்கு உரியவர்களில் ஒருவராக மேஜலின் பெயரும் இருக்கிறது. அதில் ஓடோ, அவளுக்குச் சட்டச் சிக்கலிலிருந்து விடுதலை வாங்கித்தர, அவளை மணப்பதாகச் சபையில் நின்று, ஏன் அவள் தனக்கு வேண்டும் என்று விளக்குகிறான். பழைய லிஃப்டைச் சொல்கிறான். தான் இப்படி இருப்பதற்காக வெட்கப்பட வேண்டாம் என்று தோன்ற வைத்தவள் அவள் என்கிறான். ஒன்பது கதைகளில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பற்றி நல்லபடியாகச் சபையில் பேசுகிறார். அந்தச் சபையைக் கூட்டும் கதையில் மேஜலே பங்கெடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 2002இல் வந்த ‘நெமிசிஸ்’ படத்தின் தொடக்கப் பகுதியில் டீயானாவின் கல்யாண விருந்து நடக்கிறது. மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கவே முதன்முதலில் கப்பலேறிய அம்மாள் அந்தக் கல்யாணத்தில் திரையிலேயே இல்லை. ஆனால் படத்தில் கணினிக் குரல் மேஜலுடையதுதான். 2008 டிசம்பரில் அவர் இறந்தார், 2009இல் வெளிவந்த படத்திலும் அந்தக் குரல் கேட்டது. குரலை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்னொன்று. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1998இல் பீட்டாஸெட் கிரகமே எதிரிகளான டொமினியன் படையிடம் வீழ்கிறது. அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். லுவாக்ஸானா என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் மடியில் படுத்திருந்த ஓடோகூட. பிற்பாடு ஒரு நாவலில், ஆக்கிரமித்தவர்களை எதிர்க்கும் கூட்டத்துக்கு அவளைத் தலைவி ஆக்கினார்கள். புத்தகத்தில் சரி. எதிராளியின் மனத்தில் இருப்பதையெல்லாம் உரக்கச் சொல்லிவிடும் ஒருத்தியிடம் அந்தப் படை மாட்டிக்கொண்ட கதையைத் திரையில் எடுத்திருந்தால், அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் எழுந்திருக்காமல் பார்த்திருப்பேன்.