தோமையார் சரிதமும் அதைச் சொல்லிய நூல்களும்

இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையாரைப் பற்றி எழுந்த நூல்களைக் காலமுறையில் வைத்துப் படிப்பவர்க்கு, அவருடைய வாழ்க்கையைக் காட்டிலும், அந்த வாழ்க்கையை அறியத் தவித்த சமூகங்களின் மனநிலையே தெளிவாகப் புலப்படும். மூன்று சுவிசேஷங்களில் அவர் வெறும் பெயராக நிற்கிறார். யோவானின் சுவிசேஷத்தில் மட்டுமே வாய் திறந்து பேசுகிறார். உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்றவர், பின்னர் எங்கே சென்றார், எவ்வாறு மரித்தார் என்பதை வேதாகமம் சொல்லவில்லை.

அக்குறையை நிரப்பிய ஆதி கிரந்தம் 'தோமையாரின் நடபடிகள்' என்பது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மெசொப்பொத்தாமியாவின் வடபாலிருந்த எதெஸ்ஸா நகரைச் சார்ந்த கிறிஸ்தவர்களிடையே, சிரியாக் மொழியில் அது தோன்றிற்று என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. சீடர்கள் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டுக்கொள்ள, இந்தியா தோமையாருக்கு விழுகிறது. எபிரேயனாகிய நான் இந்தியர்க்கு எவ்வாறு போதிப்பேன் என்று அவர் மறுக்கவே, குந்தபோர் என்னும் அரசனுக்காகத் தச்சன் தேடி வந்த ஹப்பான் என்ற வணிகனிடம் ஆண்டவர் அவரை அடிமையாக விற்றுவிடுகிறார். அரண்மனை எழுப்பும்பொருட்டு அரசன் அளித்த திரவியத்தையெல்லாம் அவர் ஏழைகளுக்கு வழங்கிவிட, சினங்கொண்ட அரசன் அவரைச் சிறையிலிட, அச்சமயம் இறந்துபோன அரசனின் தம்பி காத் என்பவன், மேலுலகில் தன் அண்ணனுக்காக நிற்கும் மாளிகையைக் கண்டு உயிர் மீண்டு வந்து சொல்ல, சகோதரர் இருவரும் தோமையாரைப் பணிகின்றனர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவகாரியத்திற்குச் செலவிட்ட திருவாதவூரரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்தப் பகுதி அந்நியமாகத் தோன்றாது. கிழக்கு நாட்டு இளவரசன் ஒருவன் எகிப்தில் முத்தொன்றைத் தேடிச் சென்று தன்னையே மறந்துபோகும் அற்புதமான கீதமும் இந்நூலின் நடுவே அமைந்திருக்கிறது. அதற்காக மட்டுமே இதைப் படித்தாலும் தகும்.

குந்தபோர் என்ற பெயர் இந்திய இலக்கியம் எதிலும் காணப்படாமையால், நெடுங்காலம் அவன் கற்பனை அரசன் என்றே எண்ணப்பட்டான். ஆனால் 1830-களில் சார்லஸ் மாசன் முதலானோர் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் திரட்டிய பழங்காசுகளில், கிரேக்க எழுத்திலும் கரோஷ்டி எழுத்திலும், கொண்டோபாரஸ் என்ற பெயர் பொறித்திருக்கக் கண்டார்கள். பெஷாவருக்கு அப்பாலுள்ள தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டு அவ்வரசனின் 26-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அது ஏறக்குறைய கி.பி. 46-க்கு ஒத்துவருமென்பர். தோமையார் வந்தார் என்பதற்கு இது சாட்சியாகாது. எனினும், இருநூறு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்த எதெஸ்ஸா நூலாசிரியர், இந்தியாவே மறந்துவிட்ட ஓர் இந்திய அரசனின் பெயரையும் காலத்தையும் பிழையின்றி அறிந்திருந்தார் என்பது சாமான்யமான செய்தியன்று. வணிகப் பாதைகள் சரக்கோடு ஞாபகத்தையும் சுமந்து சென்றிருக்கின்றன.

அந்நூலின் பிற்பகுதியில் தோமையார் மஸ்தாய் என்னும் வேறோர் அரசனின் நாட்டில், நகர்ப்புறத்து மலையொன்றில், நான்கு வீரர்களின் ஈட்டிகளுக்கு இரையாகிறார். அம்மலை இன்ன ஊரிலுள்ளதென்று நூல் கூறவில்லை. நான்காம் நூற்றாண்டில் சிரியாக் கவிஞர் எப்ரேம் பாடிய கீதங்கள், அவருடைய எலும்புகளை ஒரு வணிகன் எதெஸ்ஸாவுக்குக் கொண்டுவந்ததைப் போற்றுகின்றன. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மார்க்கோ போலோ, தோமையாரின் உடல் சோழமண்டலக் கரையாகிய மாபார் நாட்டுச் சிற்றூரொன்றில் இருக்கிறதென்றும், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் யாத்திரையாக வந்து அங்குள்ள செம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சல் கண்டவர்க்குக் கொடுக்கின்றனரென்றும் சொல்கிறார். மயிலைக் குறிவைத்து ஒருவன் எய்த அம்பு, மயில்களிடையே ஜெபித்துக்கொண்டிருந்த தோமையார்மேல் தவறிப் பாய்ந்தது என்பது அவர் கேட்ட மரண வரலாறு. ஈட்டிக் கதையை அறிந்த பண்டிதர்கள் இதைத் தள்ளிவிடுகிறார்கள். இந்நாட்டு மக்கள் தம் கண்முன்னிருந்த காட்டையும் பறவையையும் கொண்டே அவரை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதனால் எனக்கோ அது மிகவும் பிரியமானது. பின்னர் போர்ச்சுகீசியர் 1523-ல் அவருடையதெனப்பட்ட மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டினர். 1547-ல் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவைக் கல்லைக் கண்டெடுத்தனர். அவர்களுடைய சரித்திர நூல்களில் பக்தியும் ராஜ்ய ஆசையும் பிரிக்கவொண்ணாதபடி கலந்திருக்கின்றன.

திருச்சூரில் மேற்றிராணியாராயிருந்த மெட்லிகாட் 1905-ல் வெளியிட்ட நூலே, இச்சான்றுகளையெல்லாம் ஒருங்கே சேர்த்து வைத்து, தோமையார் தென்னிந்தியாவுக்கு வந்தார் என்னும் ஐதிகத்துக்காக வாதாடியது. பார்க்குவர் என்னும் அறிஞர் 1926-லும் 1927-லும் எழுதிய இரு நீண்ட கட்டுரைகள் அப்போஸ்தலரை வடக்கே முதலிலும் தெற்கே பின்னரும் அழைத்துச் செல்ல முயல்கின்றன. மெட்லிகாட்டின் உழைப்பு பெரிது. பார்க்குவரின் நடை இனியது. இருவருமே சான்று நின்ற இடத்தைத் தாண்டி விருப்பத்தால் நடந்தவர்கள் என்பது என் கருத்து. தோமையாரை அறிய விரும்பும் தமிழ் வாசகர், பிற்காலத்தார் செய்த சுருக்கங்களை நாடுவதற்குமுன், எதெஸ்ஸாவின் அந்தப் பழைய நூலை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.