எடை போடுதல்: தாது வருஷம் முதல் குளியலறைத் தராசு வரை

எடையைக் குறைக்க முயல்கிறவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை தன்னை நிறுத்துப் பார்க்க வேண்டும்? தினமுமா, வாரத்துக்கு ஒரு தடவையா, மாதத்துக்கு ஒரு தடவையா? சர்க்கரை வந்து, டாக்டர் 'வெயிட்டக் கொறைங்க' என்று சொல்லி அனுப்பிய எவரும் இரண்டாம் நாளே கேட்கத் தொடங்கிவிடுகிற கேள்வி இது. மருத்துவக் கேள்வியாகத்தான் கேட்கப்படுகிறது. ஆனால் இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. தருமபுரி மாதிரியான மானாவாரி மண்ணில் நின்று பார்த்தால் அந்தச் சரித்திரம் தலைகீழாகத் தெரிகிறது. இங்கே தராசு வந்தது கொழுத்தவர்களைத் தேடி அல்ல.

தராசுக்கு முன்னால் உடம்புக்கு வேறு அளவைகள் இருந்தன. அகப்பாடல்களின் தலைவிக்கு வளையல்தான் எடைமானி. பிரிவில் உடம்பு மெலிந்தால் வளை கழன்று விழும், ஊருக்கே தெரிந்துவிடும். இன்றைக்கும் ரவிக்கை பிடிக்கிறது, மோதிரம் கழல்கிறது, அரைஞாண் கயிறு இறுக்குகிறது என்பதுதான் பேச்சு. பென்னாகரம் பக்கத்தில் பல மாதம் கழித்து ஊருக்கு வருகிறவனைப் பார்த்து 'என்னாப்பா இப்பிடி எளச்சிட்ட' என்று கேட்பது நலம் விசாரிப்பு. 'பூசினாப்பல இருக்க' என்பது பாராட்டு. இந்த அளவைகள் எதிலும் எண் கிடையாது. அளப்பவர் யாரென்று தெரியும், அவர் நமக்கு வேண்டியவர்.

எண்ணாக அளப்பதைப் பற்றி இங்கே சந்தேகம்தான் அதிகம். 'கொழந்தய நிறுக்காதீங்க, கண்ணு பட்டுடும்' என்று தடுத்த பாட்டிகளை மூடநம்பிக்கையின் பிரதிநிதிகளாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். புளியையும் தக்காளியையும் மண்டிக்குக் கொண்டுபோய், தராசு யார் கையில் இருக்கிறதோ அவனே ஜெயிக்கிறான் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட சமூகம் அது. பொருளை எடை போடுவதும் ஆளை எடை போடுவதும் தமிழில் ஒரே வினைச்சொல்லாக இருப்பது வெறும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மன்னன் தராசில் ஏறினால் அது துலாபாரம். ராஜராஜன் துலாபாரம் புகுந்ததைத் திருவிசலூர்க் கல்வெட்டு பேசுகிறது. அவன் கனத்துக்குப் பொன் கிடைக்கும், தானமாக. குடியானவன் தராசுத் தட்டைப் பார்த்த கதை வேறு.

தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிற்கும 1876–78 பஞ்சத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை எல்லாம் சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். (தருமபுரி தனி மாவட்டமானது 1965ல்; கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004ல்.) 1871 குடிக்கணக்கில் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர் இருந்த சேலம் ஜில்லாவில் 1881ல் இருந்தது 16 லட்சம். பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டியதையும் சேர்த்துக்கொண்டால் இழப்பு இன்னும் பெரிது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் தூதராக மதராஸ் வந்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பஞ்ச நிவாரண வேலைகளுக்குச் செலவு அதிகமாகிறது என்பதுதான் அவர் கொண்டுவந்த கவலை. கல்லுடைக்கிற, மண் சுமக்கிற ஆண் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று தீர்மானித்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். 'டெம்பிள் கூலி' என்று அது பெயர் பெற்றது. மதராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய வாதத்தின் அடித்தளம் சிறைச்சாலை. கடுங்காவல் கைதிக்கே இதைவிட அதிகம் சோறு போடுகிறோம், இந்த ஒரு ராத்தலில் வேலை செய்கிற உடம்பு தேய்ந்துபோகும் என்றார். சில மாதங்களிலேயே கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் முகாம்களில் செத்தவர்கள் செத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மனித உடம்பு எவ்வளவு தின்றால் எவ்வளவு தேயும் என்ற அறிவு இந்த நாட்டில் எங்கே உற்பத்தியானது? ஆஸ்பத்திரியில் அல்ல. அடைத்துவைத்து, அளந்து போட்டு, நிறுத்துப் பார்க்க முடிகிற இடத்தில். ஃபூக்கோ சிறையை, பாசறையை, பள்ளிக்கூடத்தை எழுதினார். பஞ்ச முகாமை எழுதவில்லை. காலனியத்தில் அது அதிகாரத்தின் இன்னொரு பரிசோதனைக்கூடம். கருணையோடு எதிர்த்த கார்னிஷும் அந்தச் சொல்லாடலுக்கு உள்ளே நின்றுதான் பேச முடிந்தது. 'பசிக்கிறது' என்பது அவருடைய கோப்பில் சான்று ஆகாது. குறைந்த ராத்தல்தான் சான்று.

மைக் டேவிஸ் 2001ல் வெளிவந்த தன் பஞ்ச வரலாற்று நூலில் டெம்பிள் கூலியைக் கலோரியாக மாற்றிக் கணக்கிட்டார்: 1,627. பக்கத்திலேயே 1944ன் புக்கன்வால்ட் வதைமுகாம் அளவையும் வைத்தார்: 1,750. நான் இன்னொன்றையும் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன். 1944–45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற உடலியலாளர், போருக்குப் போக மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. எடையில் கால்வாசி குறைய வேண்டும் என்பது இலக்கு. எடை பார்த்து, வரைபடக் கோட்டிலிருந்து விலகியவனுக்கு அடுத்த வார ரொட்டியைக் கூட்டினார்கள் அல்லது குறைத்தார்கள். அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிரிப்பை மறந்தார்கள்.

இன்று பத்திரிகைகளின் 'டயட்' பக்கங்களில் 1,500 கலோரி என்று சர்வசாதாரணமாக அச்சாகிறது. உட்கார்ந்து வேலை செய்கிற, எடை கூடிய உடம்பு அதைத் தாங்கும், பலருக்கு நல்லதும் செய்யும். கல் சுமக்கிற உடம்புக்கு அதுவே பஞ்சம். எண் ஒன்றுதான். இதே கீஸ்தான் 1972ல், பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெத்தலே 1830களில் கண்ட எடை–உயர விகிதத்தை எடுத்து 'உடல் நிறைக் குறியெண்' என்று பெயர் வைத்தார். இன்று ஒவ்வொரு மருத்துவச் சீட்டிலும் இருக்கிற பி.எம்.ஐ. அதுதான்.

*

அடுத்த காட்சி நமக்கு நெருக்கமானது. 1980ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. 6 முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாதம் தவறாமல் நிறுக்க வேண்டும். நைஜீரியக் கிராமமொன்றில் டேவிட் மோர்லி உருவாக்கிய வளர்ச்சி அட்டையின் வாரிசான ஓர் அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்த கோடு சரிந்தால், படுத்தால், அந்தக் குழந்தைக்குச் சத்துருண்டை. தொண்ணூறு நாள் தின்று கோடு எழுந்தால் உருண்டை நின்றுவிடும். எல்லோருக்கும் போடாமல் 'தேவையானவருக்கு மட்டும்' போடுவது செலவை மிச்சப்படுத்தும் என்பது தத்துவம். மாதம் ஒருமுறை என்ற இடைவெளி இப்படித்தான் கிராமத்துக்குள் வந்தது.

இரண்டே வருஷம் கழித்து, 1982 ஜூலை 1ல், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே தராசே கிடையாது. வந்து உட்கார்ந்த குழந்தைக்குச் சோறு. 'கவர்ச்சி அரசியல்' என்று நம்மில் பலர் அதை ஒதுக்கினோம். பொருளாதார நிபுணர்கள் விரயம் என்றார்கள். ஒரே மாநிலத்தில், ஒரே சமயத்தில், பசியைப் பற்றி இரண்டு கோட்பாடுகள் எதிரெதிரே நின்றன: நிறுத்துவிட்டுச் சோறு போடுவது ஒன்று, நிறுக்காமல் சோறு போடுவது இன்னொன்று.

உலக வங்கித் திட்டத்தால் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது உண்மை. அதை மறைப்பது நேர்மையில்லை. மாதாமாதம் நிறுத்ததால்தான், கண்ணுக்கு நன்றாக இருக்கிற குழந்தை உள்ளே தேய்வது முன்கூட்டியே தெரிந்தது. வளையல் காட்டாததைத் தராசு காட்டியது. ஆனால் தேறினால் உருண்டை போய்விடும் என்ற விதியைத் தாயின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு எடை ஏறியதும் அவளுக்குச் சந்தோஷப்படுவதா என்று குழப்பம். டெம்பிளின் மிச்சம் பிடிக்கிற மனசு கொஞ்சம் இந்த விதிக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

*

தன்னைத் தானே நிறுத்துக்கொள்வது வேறு வழியாக வந்தது. அதன் முதல் ஆள் இத்தாலியின் சாந்தோரியோ. தராசில் தொங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, தின்றது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் சுமார் முப்பது வருஷம் நிறுத்து, 1614ல் நூலாக்கினார். தின்ற அளவுக்கும் கழித்த அளவுக்கும் இடையில் பெரிய பாக்கி விழுந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உடம்பு எதையோ வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது என்று கண்டார்.

நமக்கு அது ரயில் நிலையத்திலும் சினிமாக் கொட்டகையிலும் விளக்கு சுழல நின்ற காசு எந்திரமாக வந்தது. காசைப் போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் நடிகர் படம், மறுபக்கம் எடையோடு ஜோசியம். எண்ணைவிட ஜோசியத்தைத்தான் முதலில் படித்தோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஊருக்குப் போகும்போது, சிரித்துக்கொண்டே. 1963ல் நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் தொடங்கிய 'வெயிட் வாட்சர்ஸ்' அதை வாரச் சடங்காக்கியது: வாரம் ஒருநாள் கூடி, எடை பார்த்து, கூட்டத்தில் ஒப்புக்கொள்வது. பாவசங்கீர்த்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். பிறகு தராசு குளியலறைக்குள் நுழைந்தது. சாமியாரும் இல்லை, கூட்டமும் இல்லை; கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒருவரே.

அந்தத் தனிமையில் நிற்பவருக்கு உடலியல் சொல்வது இவ்வளவுதான். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். ஆனால் ஒரே நாளுக்குள் உடம்பு ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்கும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் ஒரு கிலோ. உப்பு கூடினால், மாதவிலக்கு நெருங்கினால், மலச்சிக்கல் என்றால் ஏறும். உடம்பில் சேமித்த மாச்சத்து ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் வாரத்தில் சடசடவென்று இறங்குவதில் பெரும்பகுதி இந்த நீர். 1948 ஜனவரி உண்ணாவிரதத்தில் காந்தியின் எடை இறங்காமல் நின்றபோது மருத்துவர்கள் நிம்மதியடையவில்லை, பயந்தார்கள். சிறுநீரகம் நீரை வெளியேற்றாததே காரணம். எனவே வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் வெளிக்குப் போய்வந்தபின், சாப்பிடுமுன், ஒரே தராசில் பார்த்தால் போதும். நான்கு வாரத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தினமும் பார்ப்பதில் பலன் இல்லாமலும் இல்லை. 2006ல் ரீனா விங் குழுவினர் எடை குறைத்த 314 பேரிடம் செய்த ஆய்வில், தினமும் பார்த்து, ஏறினால் உடனே உணவைத் திருத்தக் கற்றுக்கொண்டவர்களுக்கு எடை திரும்புவது குறைந்தது. பார்த்ததால் மட்டுமல்ல, பார்த்தபின் என்ன செய்வது என்று தெரிந்திருந்ததால். எண்ணைக் கண்டு அன்றைய சோற்றைத் தண்டனையாக நிறுத்திவிடுகிறவர்களுக்கு, குறிப்பாக இளம்பெண்களுக்கு, தினத் தராசு நஞ்சு. உணவுக் கோளாறுகளுக்கான சிகிச்சையில் வாரம் ஒரு தடவை, சிகிச்சை தருபவரோடு சேர்ந்துதான் எடை பார்க்கிறார்கள். வீட்டில் பார்ப்பதை விடச் சொல்கிறார்கள்.

எத்தனை தடவை பார்த்தாலும் தராசுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004ல் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் ஒரே பி.எம்.ஐ., 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2. யாஜ்னிக்கின் ஆய்வில் புனே கிராமத்துப் பச்சைக்குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகள் தசையில் குறைந்து, கொழுப்பை மட்டும் விடாமல் பிடித்துப் பிறக்கின்றன. தாய் வயிற்றில் பட்டினி கண்ட உடம்பு நாற்பது வயதில் சர்க்கரைக்கு ஆளாகிறது என்பது இதிலிருந்து விரிகிற வாதம்.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது, அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது எடைக்குறைவு. 2.5 கிலோவுக்குக் கீழே என்பது அதன் இலக்கணம். எடைக்குறைவு ஒரு நோய்க்கிருமியின் பெயர்போலச் சொல்லப்பட்டது. இளவயதுத் திருமணம், சோகை, பேறுகால முந்தின நாள்வரை செய்த கூலிவேலை எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை கூடியவர்கள், பன்னிரண்டு பேர் மெலிந்தவர்கள். இரண்டு வேறு சமூகங்களின் கணக்கு மாதிரி இதைப் படிக்கிறார்கள். பல வீடுகளில் அது அம்மாவும் மகளும். சில சமயம் ஒரே பெண், முப்பது வருஷ இடைவெளியில்.

பாலக்கோடு பக்கம் ஓர் அங்கன்வாடியில் எடை போடும் நாளில் போய் உட்கார்ந்திருந்தேன். பணியாளர் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்து, கைபேசிச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தார். 2021லிருந்து அந்த எண்கள் அங்கிருந்தே டில்லிக்குப் போகின்றன. அவருக்கும் சர்க்கரை, அவரையும் இளைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் போனபின் தாய்மார்களுக்கான தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். போன மாசத்தைவிட ஒரு கிலோ கூட. 'எத்தினி நாளுக்கு ஒருக்கா பாப்பீங்க?' என்று கேட்டேன். 'இங்க வர்றப்பல்லாம் ஏறிப் பாக்கறதுதான். கொழந்த எடய ஏத்தலன்னா சாயங்காலத்துக்குள்ள போனு வந்துடும். என்னுத எங்க ஏத்தறது?' என்று சொல்லிக்கொண்டே இறங்கி, தராசைச் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு, மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.