தெருமுனைப் பலகைக்கு எண் வந்த கதை

1949 செப்டம்பர் 18. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழை கொட்டித் தீர்த்தது. முந்தைய நாள் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் அன்றுதான். பெரியாரை விட்டுப் பிரிந்து வந்தவர்களிடம் பேச்சு இருந்தது, பத்திரிகை இருந்தது. அண்ணாவின் ‘திராவிட நாடு’ வாரந்தோறும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதைப் படித்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அவர்களை எந்தக் கூரையின் கீழ் உட்காரவைப்பது?

கிடைத்த விடை படிப்பகம். ஓலைக் கொட்டகையோ தகரக் கூரையோ, இரண்டு பெஞ்சு, நாலு பத்திரிகை. எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார்; துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மேலே இருந்து வந்தது பெயர் மட்டுமே. பெஞ்சு, வாடகை, பத்திரிகைச் செலவு எல்லாம் தெருக்காரர்களின் தலையில். இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

1953-ல் ஒரு நடிகர் கழகத்தில் சேர்ந்தார். பெயர் எம்.ஜி.ராமச்சந்திரன். எழுத்துக்கூட்டத் தெரியாதவனுக்கும் புரிகிற பத்திரிகையாகத் திரை இருந்த காலம் அது. படிப்பகச் சுவரில் தலைவர்கள் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய படமும் ஏறியது. சில தெருக்களில் அவர் பெயரிலேயே தனிக் கொட்டகை முளைத்தது. அந்த நேரம் பார்த்து அவர் ஒரு பெரிய சூதாட்டத்தில் இறங்கினார்.

‘நாடோடி மன்னன்’. தயாரிப்பும் அவரே, இயக்கமும் அவரே. கையிருப்பு முழுவதையும் அதில் கொட்டினார். ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று அவரே சொல்லும்படியான நிலைமை. 1958 ஆகஸ்டில் படம் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியது. அவர் பெயரில் ரசிகர் மன்றப் பலகை மாட்ட ஊரெல்லாம் இளைஞர்கள் கிளம்பினார்கள். ஆளாளுக்கு மாட்டினால் எது அசல், எது போலி?

அங்கேதான் எண் வந்தது. ‘அகில உலக எம்.ஜி.ஆர். மன்றம்’ என்று தலைமை அமைப்பு உருவாயிற்று. அதை நடத்தியவர்களில் முசிறிப்புத்தன் முக்கியமானவர். தெருவில் பையன்கள் கூடித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆள் போட்டு, லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் செய்து, தலைமைக்கு எழுதிப் போட வேண்டும். ஏற்றுக்கொண்டால் பதிவு எண் கிடைக்கும். நடிகரின் முகத்துக்கு அடியில் அந்த எண்ணை எழுதிப் பலகையை நட்டால் தெருவுக்கே ஒரு மிடுக்கு.

உலகத்துக்கு இது புதிதல்ல. அமெரிக்காவில் 1930 வாக்கிலேயே மிக்கி மவுஸ் பெயரில் தியேட்டர்தோறும் சிறுவர் மன்றங்கள் நடந்தன. ஆனால் அங்கே மன்றத்தை நடத்தியவர் தியேட்டர் முதலாளி. கல்லா நிரம்பும் என்ற கணக்கு அவருக்கு உண்டு. இங்கே நடத்தியவர்கள் மீன் பிடிப்பவர்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், மில்லில் வேலை செய்பவர்கள். என் மனதில் நிற்பவர் அந்தப் பொருளாளர்தான். நாலணா எட்டணாவாக வாங்கிய சந்தாவை நோட்டில் பெயர் பெயராக எழுதி, தோரணத்துக்கு இவ்வளவு, பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டுவார். கணக்கு சொல்வது மன்றத்தின் பழக்கமாக ஊறிப்போனது. பின்னால் அந்த ஒரு சொல்லே ஒரு கட்சியை உடைத்தது.

1964 தீபாவளிக்கு ‘படகோட்டி’ வந்தது. மீனவனாக எம்.ஜி.ஆர். கடலோரக் குப்பங்களுக்கு வேறென்ன வேண்டும்! மூன்றாம் வருடம் இடி விழுந்தது. 1967 ஜனவரி 12 அன்று சக நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. பிழைப்பாரா என்பதே கேள்வி. பிழைத்தார். கழுத்துக் கட்டோடு எடுத்த படம் சுவரொட்டியானது. அந்த ஆண்டுத் தேர்தலில் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியை வென்றார். ஆட்சி கழகத்தின் கைக்கு வந்தது. புகைச்சலும் கூடவே வந்தது.

1972-ல் முதலமைச்சர் கருணாநிதியின் மகன் மு.க.முத்து கதாநாயகனாகத் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். மன்றங்களை முத்து மன்றங்களாக மாற்றச் சொல்கிறார்கள் என்று எம்.ஜி.ஆர். தரப்பு குமுறியது. அப்போது எம்.ஜி.ஆர்.தான் கட்சியின் பொருளாளர். அக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றத்தில் பேசியவர், கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். இரண்டே நாளில் தற்காலிக நீக்கம். கட்டடமும் கொடியும் சின்னமும் போயின. இனி அவரிடம் மிச்சம் என்ன?

எண் போட்ட பலகைகள் மிச்சம். அக்டோபர் 17-ல் அ.தி.மு.க. பிறந்தபோது கிளை அமைக்க ஆள் தேடி அலையவில்லை. மன்றத் தலைவர் கிளைச் செயலாளரானார். மன்றக் கொட்டகை கட்சி அலுவலகமானது. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் புதுக் கட்சியின் மாயத்தேவர் வென்றார். 1977-ல் கோட்டை கைக்கு வந்தது. ‘மீனவ நண்பன்’ திரைக்கு வந்தபோது அதன் நாயகன் முதலமைச்சர்.

ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பம் வரை ரசிகர் மன்றப் பலகையைக் கவனித்துப் பார்ப்பவர் குறைவு. கேரம் போர்டு, நாளிதழ், உப்புக்காற்றில் துருவேறிய தகரத்தில் நடிகரின் முகம். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு பெரிய கதை.

பெயரைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்பதும் ஒருநாள் தெரிந்தது. 2011 ஏப்ரலில் நடிகர் அஜித் தன் மன்றங்களை ஒரே அறிக்கையில் கலைத்தார். எண் செல்லாக்காசானது, தலைவர், செயலாளர் பதவிகளும் போயின. ரசிகர்கள் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போய்க் கூடினார்கள். படம் வெளியாகும் நாளில் கட்அவுட்டுக்கும் மாலைக்கும் ஆகும் செலவை இன்றும் அவர்களே ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்கிறார்கள்.